முதியோர் உடலும் புதிய வைரசும்

2025 ஜனவரி முதல் வாரத்தில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் நினைவிருக்கும். சீனாவில் எச்.எம்.பி.வி. என்றொரு வைரஸ் பரவுகிறது என்றார்கள். சில நாள்களிலேயே சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் அந்தத் தொற்று உறுதியானது. மூலையில் கிடந்த முகக்கவசங்கள் மீண்டும் வெளியே வந்தன. 'புதிய வைரஸ்' என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றின. வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியைத் திருப்பலிக்கு அழைத்து வரலாமா என்று தயங்கியவர்களும் நம்மிடையே உண்டு.

உண்மையில் அந்த வைரஸ் 2001ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து நாட்டில் கண்டறியப்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதரிடையே இருந்து வந்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதிலேயே அதை ஒரு சளிக் காய்ச்சலாகச் சந்தித்து மறந்தும் போனோம். நாம்தான் மறந்தோம்; உடல் மறக்கவில்லை. ஆகவே அது செய்திக்குப் புதிது, உடலுக்குப் பழையது. முதியோரைப் பற்றிக் கவலைப்படும் நாம் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறோம்.

ஏனென்றால், உடலுக்கே புதிதான வைரஸ் வரும்போது நிலைமை முற்றிலும் வேறு. 2003இல் ஹாங்காங் போன்ற இடங்களை உலுக்கிய சார்ஸ் நோயை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மே மாதம் உலக நலவாழ்வு நிறுவனம் தந்த மதிப்பீட்டின்படி, அந்நோய் கண்ட இளைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவரே இறந்தனர். 65 வயதைத் தாண்டியவர்களிலோ பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். கோவிட் பெருந்தொற்றிலும் இதே கதைதான். அமெரிக்காவில் அந்நோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் 65 வயதைக் கடந்தவர்கள்.

வயதானால் எதிர்ப்பு சக்தி குறையும், அதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். 2009இல் வந்த பன்றிக் காய்ச்சல் அந்த எளிய விடையைப் பொய்யாக்கியது. அந்தத் தொற்று முதியவர்களை விட்டுவிட்டு இளையோரையும் நடுவயதினரையுமே அதிகம் பிடித்தது. காரணம் விரைவிலேயே தெரிந்தது. 1918ஆம் ஆண்டின் கொடிய காய்ச்சல் வைரசின் வழித்தோன்றல்கள் 1957 வரை உலகில் உலவி வந்தன. அந்தக் காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள் அவற்றைச் சந்தித்திருந்தார்கள். 1950க்கு முன் பிறந்த அமெரிக்கர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, மூவரில் ஒருவருக்கு 2009இன் வைரசைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உடல் ஒரு பகைவனின் முகத்தை நினைவில் வைத்திருந்தது என்பது சாதாரணச் செய்தியா! ஆக, முதியவரின் உடலைப் பலவீனமான உடல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியன்று. பழைய பகைவனைப் பொறுத்தவரை அது இளையோரின் உடலைவிடத் தேர்ந்தது. புதியவன் வரும்போதுதான் திணறுகிறது.

ஏன் திணறுகிறது? நம் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, தைமஸ் என்றொரு சிறு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன. எந்த வைரசையும் இன்னும் சந்திக்காத புது அணுக்கள் அங்கிருந்து இரத்தத்துக்கு வருகின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான அந்நியப் பொருளை அடையாளம் காணக்கூடியது. எப்போதோ வரப்போகும் ஒரு வைரசுக்குப் பொருந்தும் அணுவும் அந்தக் கூட்டத்தில் எங்கோ காத்திருக்கும். வைரஸ் வந்ததும் அது பெருகிப் போராடும். போர் முடிந்தபின் அதன் வழிவந்தவற்றில் சில நினைவு அணுக்களாகத் தங்கிவிடும்.

இந்தத் தைமஸ் இளமைப் பருவத்திலிருந்தே சுருங்கத் தொடங்குகிறது. அறுபது வயதில் அதன் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். அதன்பின் புது அணுக்களின் வரத்து மிகச் சொற்பம். இருக்கின்றவை தாமாகப் பிரிந்து பெருகிக் காலத்தை ஓட்டுகின்றன. எனினும் அவற்றின் வகைகள் ஆண்டுதோறும் குறைகின்றன. நினைவு அணுக்களுக்குக் குறைவில்லை, புதியவரைப் பழக்கிக்கொள்ளும் அணுக்களுக்குத்தான் பஞ்சம்.

இதை நேரடியாகச் சோதிப்பது கடினம். ஒரு முதியவருக்கு வேண்டுமென்றே புதிய வைரசைக் கொடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இதற்கு ஒரு வழி காட்டியது. அது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். அந்நோய் இல்லாத ஐரோப்பாவில் வாழும் ஒருவருக்கு அது முற்றிலும் புதியது. ஜெர்மனியில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், அந்த ஊசி போட்டுக்கொண்ட முதியோரின் உடல் இளையோரைவிடத் தாமதமாகவும் குறைந்த வலுவோடும் எதிர்வினை காட்டியது. ஊசி போடுவதற்கு முன்பே யாரிடம் புது அணுக்கள் அதிகம் இருந்தனவோ, அவர்கள் வயதானவர்களாயினும் நன்றாக எதிர்த்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பிறந்த ஆண்டை விட, கையிருப்பில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

இன்னொரு காரணமும் கோவிட் காலத்தில் வெளிப்பட்டது. வைரஸ் நுழைந்ததும் உடல் முதலில் எழுப்பும் அபாயமணி இன்டர்ஃபெரான் என்னும் பொருள். சிலரின் உடல் அந்த இன்டர்ஃபெரானையே அழிக்கும் எதிர்ப்பொருளைத் தவறுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. எழுபது வயதுக்குக் கீழே இது மிக அரிது. அதற்கு மேல் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இருக்கிறது என்றும், கோவிட்டால் இறந்தோரில் ஐந்தில் ஒருவரிடம் அது இருந்தது என்றும் 2021இல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து காட்டினார்கள். வெளியே நல்ல திடகாத்திரமாகத் தெரிந்த சிலர் ஏன் ஒரே வாரத்தில் நம்மைவிட்டுப் போனார்கள் என்பதற்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது.

இனி, உடலுக்குள்ளேயே குடியிருக்கும் பழைய வைரசுகளைப் பார்ப்போம். சின்னம்மை கண்ட குழந்தைக்கு வேப்பிலை வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். அது போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஓசையின்றித் தங்கிவிடுகிறது. ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து, காவல் தளரும்போது, உடலின் ஒரு பக்கத்தில் நெருப்பாய் எரியும் கொப்புளங்களாக வெளிவருகிறது. அதைத்தான் அக்கி என்கிறோம். நம் கிராமங்களில் மண்பாண்டம் செய்பவரிடம் போய்ச் செம்மண் குழைத்து 'அக்கி எழுதி' வரும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. அந்த மண் குளிர்ச்சி தரலாம். நரம்பில் இருக்கும் வைரசை அது தொடுவதில்லை. கண்ணருகே அக்கி வந்தவர்கள் மண் பூசிக்கொண்டு காத்திராமல் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அக்கி வைரசின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. பெயர் பலருக்கும் புதிதாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் வளர்ந்தவர்களில் அநேகமாக எல்லாருடைய உடலிலும் அது இருக்கிறது. தாய்ப்பால் வழியாக, எச்சில் வழியாக, சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. நலமானவர்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. கருவிலிருக்கும் குழந்தையைத் தாக்கினால் காது கேளாமை போன்ற குறைகள் வரலாம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கும் அது ஆபத்து. மற்றவர்களிடம் வாழ்நாள் முழுவதும் சும்மா கிடக்கிறது.

சும்மா கிடக்கிறதா? அவ்வப்போது தலைதூக்கப் பார்க்கும், உடல் அதை அடக்கும். இந்த ஓயாத காவலுக்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமன்று. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, சி.எம்.வி. இருப்பவர்களின் இரத்தத்தில் உள்ள நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு வைரசைக் கண்காணிப்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சில முதியவர்களிடம் இதைவிட மிக அதிகம். ஊர்க் காவலர்களில் பெரும்பகுதியினர் ஒரே வீட்டு வாசலில் நின்றால் மற்றத் தெருக்களின் நிலை என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே.

சுவீடன் நாட்டின் யோன்ஷோப்பிங் நகரில் எண்பதைக் கடந்த முதியவர்களை 1989 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு விடையைக் கண்டதாகக் கருதினார்கள். உதவி செய்யும் டி செல்கள் குறைந்து, கொல்லும் டி செல்கள் மிகுந்து, கூடவே சி.எம்.வி.யும் இருந்த முதியவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அதன்பின் 'முதியோரின் எதிர்ப்பு சக்தியைத் திருடும் வைரஸ்' என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. கோவிட் காலத்திலும், சி.எம்.வி. இருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலை அதிகம் என்று சில ஆய்வுகள் வெளியாயின.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். திருடன் என்ற பட்டத்தை அவசரப்பட்டுக் கட்டிவிட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் குடும்பத்து வைரசுகளை உடலில் தாங்கியிருந்த எலிகள், கொள்ளைநோய்க் கிருமியைக்கூடத் தாங்காத எலிகளைவிட நன்றாக எதிர்த்து நின்றன. உள்ளே இருந்த வைரஸ் காவலைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், சி.எம்.வி. உள்ள இளையோருக்கு ஃப்ளூ தடுப்பூசி கூடுதலாகவே பலனளித்ததைக் கண்டனர். ஆனால் 2012இல் வெளியான வேறோர் ஆய்வில், வாழ்நாள் முழுவதும் அந்த வைரசைச் சுமந்து முதுமையடைந்த எலிகள் புதிய தொற்றுகளுக்கு முன் வலுவிழந்து நின்றன. முதியோரிடம் ஃப்ளூ தடுப்பூசியின் பலனை அளந்த ஆய்வுகளும் ஒன்றுபோலப் பேசவில்லை. இளமையில் துணையாக இருப்பது முதுமையில் சுமையாக மாறக்கூடும் என்பதற்கு மேல் இப்போதைக்கு யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது.

அதன் செல்வாக்கு பெரிது என்பதில் மட்டும் ஐயமில்லை. 2015இல் 210 இரட்டையர்களை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் சி.எம்.வி. இருந்தால், அவர்களுடைய எதிர்ப்பு மண்டலத்தில் அளக்கப்பட்ட கூறுகளில் பாதிக்கும் மேற்பட்டவை வேறுபட்டன. பிறப்பால் ஒன்றாக இருந்தவர்களை ஒரு பழைய தொற்று இவ்வளவு பிரித்திருக்கிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளில் நடந்தவை. அங்கே மக்களில் பாதிப்பேர் அளவுக்கு சி.எம்.வி. இல்லாதவர்கள் இருப்பதால், இருப்பவரையும் இல்லாதவரையும் ஒப்பிட முடிகிறது. நம் நாட்டில் ஒப்பிடுவதற்கு 'இல்லாதவர்' கிடைப்பதே அரிது. அதோடு காசநோய்க் கிருமியும் கோடிக்கணக்கானோர் உடலில் உறங்கிக் கிடக்கிறது. எனவே சுவீடன் முதியவரின் இரத்தத்தைப் பார்த்துச் சிவகங்கை முதியவரைப் பற்றி முடிவு கட்டுவது பொருந்தாது. நம் முதியோரை நாமே ஆராய வேண்டும். அத்தகைய முயற்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. 2020இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியை 60 முதல் 80 வயதுக்குட்பட்டவர்களுக்குப் போட்டு அவர்கள் இரத்தத்தைச் சோதித்தது. ஒரு மாதத்துக்குப்பின் அவர்களிடம் நினைவு டி செல்கள் கூடியிருந்தன. அந்த வயதிலும் உடல் தூண்டுதலுக்குச் செவிசாய்க்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. கோவிட்டைத் தடுக்க பி.சி.ஜி. உதவுமா என்று நெதர்லாந்து போன்ற நாடுகளில் செய்த பெரிய சோதனைகளோ அந்தப் பலனைக் காட்டவில்லை. இரத்தத்தில் அணுக்கள் கூடுவது வேறு, நோய் தடுக்கப்படுவது வேறு. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் பொடிகளையும் பானங்களையும் வாங்குமுன் இதை நினைத்துக்கொண்டால் நம் பணமாவது மிஞ்சும்.

அன்பார்ந்தவர்களே, இவ்வளவு அறிவியலை நாம் இங்கே பேசக் காரணம் உண்டு. 2020இல் "வயசானவங்கதானே போறாங்க" என்ற பேச்சை நாம் எல்லாரும் கேட்டோம். தொலைக்காட்சியில் இறந்தவரின் வயதைச் சொன்னதும் நமக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் இத்தாலிய மயக்கவியல் மற்றும் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம், இடம் போதாத நிலை வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பதற்கு வயது வரம்பு வைக்க நேரலாம் என்று எழுதியது. சில நாள்களில் பெர்கமோ நகரிலிருந்து இராணுவ வண்டிகள் சவப்பெட்டிகளைச் சுமந்து சென்றதை உலகமே பார்த்தது. அந்த மருத்துவர்கள் மீது நாம் கல்லெறியவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் நின்றவர்களுக்கே அந்த வேதனை தெரியும். ஆனால் நெருக்கடியில் எழுந்த அந்தக் கணக்கு, நெருக்கடி இல்லாத நாள்களிலும் நம் மனத்தில் தங்கிவிட்டதோ என்றுதான் அஞ்சுகிறோம். வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2021 பிப்ரவரியில் முதுமையைப் பற்றி வெளியிட்ட ஏடு, பெருந்தொற்றில் முதியோர் இல்லங்களில் நேர்ந்த சாவுகளை இயற்கையின் தலையில் போட்டுவிடாமல், முதியோரை ஒரே இடத்தில் குவித்து வைக்கும் ஏற்பாட்டையே கேள்விக்குள்ளாக்கியது. அதே ஆண்டில்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோர் உலக நாளாக ஏற்படுத்தினார்.

வயதின் காரணமாக ஒன்றும் செய்ய இயலாது என்ற எண்ணத்தைத் தடுப்பூசிகளே மறுத்துவிட்டன. முதியோருக்காகவே நான்கு மடங்கு மருந்து சேர்த்துத் தயாரிக்கப்பட்ட ஃப்ளூ ஊசி, வழக்கமான ஊசியைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு கூடுதலாகக் காத்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்கிக்கான புதிய தடுப்பூசியோ எழுபது வயதைக் கடந்தவர்களிடமும் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் பலனளித்தது. ஏற்கெனவே உடலில் இருக்கும் பழைய வைரசின் நினைவை அது தட்டி எழுப்புகிறது. முதிய உடலின் பலமான இடத்தைத் தொடுகிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், 1933 செப்டம்பர் 2 அல்லது அதற்குப்பின் பிறந்தவர்களுக்கு மட்டும் அக்கி ஊசி என்று ஒரு விதி இருந்தது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வில், அந்தக் காலத்துப் பழைய வகை ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஏழு ஆண்டுகளில் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதன் காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

புதிய அக்கி ஊசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஆனால் ஓர் ஊசிக்குப் பல ஆயிரம் ரூபாய், இரண்டு ஊசி போட வேண்டும். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் மையமாகக் கொண்டது. கோவிட் ஊசி மட்டுமே இதற்குப் பெரிய விதிவிலக்காக இருந்தது. 2021 மார்ச் 1 முதல் அறுபதைக் கடந்தவர்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டதைப் பார்த்தோம். அதைச் செய்ய முடிந்த நாட்டால் ஆண்டுதோறும் ஒரு ஃப்ளூ ஊசியையும் ஏழை முதியவருக்குத் தர இயலும் என்றே நம்புகிறோம். மருத்துவ முகாம் நடத்தும் பங்குகள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் பற்றியும் மருத்துவரைக் கொண்டு விளக்கச் செய்யலாம். செலவைத் தாங்க இயலாத ஒரு சிலருக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவினால் அது பெரிய காரியம்.

முதியோரை அறைக்குள் பூட்டி வைப்பது தீர்வாகாது. அவர்களைச் சுற்றியிருக்கும் நாம் நோயைக் கொண்டுபோகாமல் இருப்பதே எளிய வழி. சளியோடு இருப்பவர் அன்றைக்கு வீட்டு நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லாமல் வேறொருவரை அனுப்பலாம். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் இரண்டு நாள் கழித்துப் பாட்டியிடம் போகட்டும்.

நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கணவன் மனைவி, ரொனால்டு கிளேசரும் ஜானிஸ் கீகோல்ட் கிளேசரும், மறதி நோய் கண்ட வாழ்க்கைத்துணையை வீட்டிலேயே பராமரித்துவந்த 32 முதியவர்களையும், அத்தகைய பாரம் இல்லாத வேறு 32 பேரையும் ஒப்பிட்டார்கள். எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி போடப்பட்டது. பராமரிப்பவர்களின் உடலில் ஊசி மிகக் குறைவாகவே பலனளித்தது. 1996இல் இது வெளியானது. இத்தகைய பராமரிப்பாளர்களிடம் உறங்கிக் கிடந்த பழைய வைரசுகளும் அதிகமாக விழித்துக்கொள்வதற்கான அடையாளங்கள் அவர்களுடைய வேறு ஆய்வுகளில் தெரிந்தன. நம் பங்குகளில் படுக்கையாகக் கிடக்கும் கணவரைப் பத்து ஆண்டுகளாகக் கவனித்துவரும் எழுபது வயது அம்மாக்கள் எத்தனைபேர்! நோயாளியைச் சந்திக்கப் போகும்போது கட்டிலில் இருப்பவரிடம் நலம் விசாரித்துச் செபித்துவிட்டுத் திரும்புகிறோம். அடுப்படியிலிருந்து காப்பி கொண்டுவரும் அந்த அம்மாவிடம், "நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களாம்மா? ராத்திரி தூக்கம் உண்டா?" என்று கேட்பதும், வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில் அன்பியத்திலிருந்து ஒருவர் போய் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து அவரைச் சற்றுப் படுக்கவைப்பதும், இந்த மாதமே நாம் தொடங்கக் கூடியவை.